ஐந்தரை மணிக்கு இறங்கும் விமானம்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு எவ்வளவு தூரம் என்று செல்போனில் தட்டினால் ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் இரண்டே கால் மணி நேரம் என்று வரும். அலுவலகத்திலும் அதைத்தான் சொல்வார்கள். "இரண்டே கால் மணி நேரம்தானே, உங்கள் பெஹாலாவிலிருந்து டம்டம் ஏர்போர்ட் போய்ச் சேரவே அவ்வளவு ஆகிறது" என்று சிரிப்பார்கள். நானும் பல வருஷம் அப்படிச் சிரித்தவள்தான். அந்த டிசம்பருக்குப் பிறகு சிரிப்பதில்லை. யாராவது அந்தக் கணக்கைச் சொன்னால் சுருக்கென்று கோபம் வருகிறது. எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். இது கூட இருப்பவர்களுக்குத் தெரியாததால் என்னைச் சிடுமூஞ்சி என்று முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்பா போன பிறகு அம்மா சென்னையில் தம்பி வீட்டில் பாதி வருஷம், கல்கத்தாவில் என் வீட்டில் பாதி வருஷம் என்று இருந்தாள். காலையில் அவளைப் பார்ப்பவர்கள் அவளுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பாள். கத்தரிக்காய் விலைக்கு அரசாங்கத்தைத் திட்டுவாள். நான் எந்தப் புடவையை எந்தத் தீபாவளிக்கு வாங்கினேன் என்று நான் மறந்ததையும் எடுத்துச் சொல்வாள். பொழுது சாயும்போதுதான் எல்லாம் மாறும். ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் எழுந்து நடக்க ஆரம்பிப்பாள். கைப்பையைத் தேடுவாள். "வீட்டுக்குப் போணும், நேரமாச்சு" என்பாள். எந்த வீடு என்று கேட்க வேண்டியதில்லை. இதே கல்கத்தாவில், பவானிபூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீடு. அதைக் காலி செய்து முப்பது வருஷம் ஆகிறது.

டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். இருட்டுவதை அவள் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதனால் தம்பி வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே பழக்கம். வெயில் இருக்கும்போதே எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிடுவோம். வெளியே பகல் எப்போது முடிந்தது என்றே அவளுக்குத் தெரியாது. பெரும்பாலான நாட்களில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். மின்சாரக் கட்டணத்தைப் பற்றி அவளே காலையில் எங்களைத் திட்டுவாள்.

அந்த டிசம்பர் முடிந்து ஜனவரியில் தம்பிக்கு மூன்று மாதம் வெளிநாட்டில் வேலை. அதற்குள் அம்மாவை இங்கே கொண்டுவந்து விடுவதாக இருந்தான். கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. நான் போய்க் கூட்டி வருகிறேன் என்றேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னைய என்ன சின்னப்பிள்ளைன்னு நெனச்சியா? ஒங்க ரெண்டு பேரையும் இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணா தூக்கிக்கிட்டு ஹவுரா பாலத்தத் தாண்டுனவ நான். ஏறி உக்காந்தா எறக்கி விட்டுருவான். இதுக்கு எதுக்குட்டி இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

அது காலை நேரம். காலையில் அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. சரி, வீல்சேர் சொல்லிவிடலாம், ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஆள் இருக்கும், பகலிலேயே வந்துவிடட்டும் என்று முடிவு செய்தோம். டிக்கெட் எடுக்கும் பொறுப்பு தம்பியுடையது. எடுத்துவிட்டு எனக்கு நேரம் அனுப்பினான். மாலை ஐந்தரை மணிக்கு கல்கத்தா. நான் உடனே போன் செய்தேன்.

"எக்கா, அஞ்சரைக்கெல்லாம் எறங்கிரும். அஞ்சரைக்கு இங்க வெயிலு மூஞ்சில அடிக்கு" என்றான்.

"ஏல, இங்க டிசம்பர்ல அஞ்சு மணிக்கே தெருவிளக்கு போட்டுருவான். நீ இந்த ஊருல பொறந்தவன்தானல?"

அவன் சென்னைக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே ஐந்தரைக்கு மொட்டை மாடியில் துணி எடுக்கிறார்கள். இங்கே ஐந்தரைக்குக் கண்ணில் குத்தினாலும் தெரியாது. ஒரே கடிகாரம், ஆனால் இந்த ஊருக்கு இருட்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுகிறது. அதை அவன் மறந்துபோயிருந்தான். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் மற்ற விமானங்களில் இடமும் இல்லை. "ஒரு அரை மணி நேரந்தானக்கா" என்றான். அம்மா வெளிச்சத்தில் ஏறுவாள். விமானம் கிழக்கும் வடக்குமாகப் பறக்கப் பறக்க இருட்டு எதிரே வந்துகொண்டிருக்கும். அங்கே விளக்கைப் போட்டுத் திரையை இழுக்க யார் இருக்கிறார்கள்? ஏறும்போது இருந்தவள் இறங்கும்போது இருப்பாளா என்பதுதான் என் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தம்பியைக் கண்டபடி திட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

இங்கே எங்கள் வீட்டின் இரண்டு சட்டங்களைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். கல்கத்தா துறைமுகத்தில் வேலை. மே மாதம் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய், ஜூனில் ஹவுரா மெயிலில் திரும்புவாள். வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. மூன்று மணி நேரமும் தாமதமாகும், பத்து மணி நேரமும் ஆகும். அப்பா இரண்டு முறை ஷிஃப்டை விட்டுவிட்டு ஸ்டேஷனில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு, யாரும் யாரையும் அழைக்க ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், இறங்கியவர்கள் டாக்ஸி பிடித்து நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டியது என்று சட்டம் போட்டார். அம்மாவுக்கு அது பெருமையாகப் போய்விட்டது. இரண்டு பிள்ளைகள், இரண்டு டிரங்குப் பெட்டி, கருப்பட்டிச் சிப்பம், ஊறுகாய் ஜாடி, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போர்ட்டரோடும் டாக்ஸிக்காரனோடும் வங்காளத்தில் சண்டை போட்டு, வீடு வந்து சேருவாள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்போது சோறு தயாராக இருக்கும்.

இரண்டாவது சட்டம் அம்மா போட்டது. வாசலுக்கு வெளியே வங்காளம், வாசலுக்கு உள்ளே தமிழ். அவளுடைய வங்காளம் சுத்தமானது. முகத்தைப் பார்க்காமல் கேட்டால் பவானிபூரில் பிறந்தவள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் நானோ தம்பியோ வீட்டுக்குள் மறந்துபோய் ஒரு வார்த்தை வங்காளத்தில் கேட்டால் காது கேட்காதவள் மாதிரி அரிசி களைந்துகொண்டிருப்பாள். தமிழில் கேட்கும் வரை தண்ணீர்கூடக் கிடைக்காது. வெளியாளிடம்தான் அந்தப் பாஷை, பெற்ற பிள்ளைகளிடம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை வங்காளத்தில் பேசியதில்லை.

அன்றைக்கு அரை நாள் லீவு போட்டேன். வீட்டுக்காரர் டூரில் இருந்தார். அம்மா வந்து நுழையும்போது வெளிச்சமாக இருக்கட்டும் என்று பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டு, திரைகளை மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். தம்பி ஏற்றிவிட்டதாகச் சொன்னான். "நல்லாத்தான் இருக்காவ. ஜன்னல் சீட்டு வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாவ" என்றான். இருட்டுவதை அவள் பார்க்கக் கூடாது என்று ஆறு வருஷமாகத் திரை இழுக்கிறோம். இவன் ஜன்னல் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறான்.

வழியில் ஏதோ ஊர்வலம். டாக்ஸி நகர்ந்து நின்று, நகர்ந்து நின்று போயிற்று. பைபாஸில் ஏறும்போதே ஆகாயம் சாம்பல் நிறமாகிவிட்டது. நான் கண்ணாடி வழியே வெளியே பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன். விமான நிலையத்தில் இறங்கியபோது ஐந்தரை அடிக்க இன்னும் சில நிமிஷம் இருந்தது. முழு இருட்டு. நேரத்தோடு வந்துவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

வருகை வாசலில் நின்றேன். கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். குல்லாயும் மஃப்ளருமாகக் குழந்தைகள், கல்யாணத்துக்கு வந்தவர்கள், இட்லிப் பாத்திரத்தைக் கையிலேயே தூக்கிவந்த ஒரு குடும்பம். வீல்சேரில் வருபவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் பொறுமையாக நின்றேன். கூட்டம் குறைந்தது. பிறகு யாருமே வரவில்லை. அம்மாவின் போனுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விமானத்தில் அணைக்கச் சொல்லியிருப்பார்கள். திரும்பப் போடச் சொல்ல யாரும் இல்லை. பலகையைப் பார்த்தேன். அந்த விமானம் தரையிறங்கிவிட்டது என்று இருந்தது. எப்போது என்று பார்த்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, நான் பைபாஸில் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இறங்கிவிட்டது. குளிர்காலத்தில் காற்று பின்னாலிருந்து தள்ளும், சீக்கிரம் வந்துவிடும் என்று பிறகு யாரோ விளக்கினார்கள். வாழ்நாளெல்லாம் தாமதமாக வரும் வண்டிக்குப் பழகியவள் நான். முன்னாலேயே வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாசலில் நின்ற காவலரிடம் சொன்னேன். அவர் வயர்லெஸ்ஸில் பேசினார். அப்போது காலியான வீல்சேர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, மீசை நரைத்த ஒருவர் அடுத்த வாசல் பக்கமிருந்து வந்தார். ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். வயசான அம்மா, அரக்கு ஸ்வெட்டர், இரண்டு பக்கமும் மூக்குத்தி என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அந்த மாஷிமாவா? என்ன அழகான வங்காளம்! அப்போதே அனுப்பிவிட்டேனே."

"எங்கே அனுப்பினீர்கள்?"

"டாக்ஸியில். வாசலில் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் யாரையும் யாரும் அழைக்க வருவதில்லை, நான்தான் எப்போதும் போய்க்கொள்வேன் என்றார்கள். பவானிபூர் என்று அவர்களே டிரைவரிடம் சொன்னார்கள். எந்தச் சந்து, எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்றுகூடச் சொன்னார்கள்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரல் இறங்கியது. "ஏன், வீடு அங்கே இல்லையா?"

அவர் மேல் என்ன தப்பு? அவள் தடுமாறியிருந்தால் நிறுத்தி வைத்திருப்பார். பாஷை தெரியாமல் விழித்திருந்தால் நாலு பேர் கூடியிருப்பார்கள். சொந்த ஊரில் சொந்த வீட்டுக்குப் போகிறவள் மாதிரி, வழி சொல்லி, பேரம் பேசி ஏறிப்போனவளை எவன் சந்தேகப்படுவான்?

எனக்குக் கிடைத்த டாக்ஸியில் ஏறினேன். தம்பிக்குப் போன் செய்து, "அம்மாவ காணும்ல" என்றேன். அவன் அழுதுவிட்டான். நாற்பத்தைந்து வயசுக்காரன் போனில் விம்முவதைக் கேட்டதும் என் வாயில் வந்த திட்டெல்லாம் நின்றுபோயிற்று. "பவானிபூருக்குத்தான் போயிருக்காவ, நான் போயி கூட்டிட்டு வந்துருதேன்" என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் தாண்டி வந்தவளை ஊருக்குள் இருபது கிலோமீட்டரில் தொலைத்துவிட்டேன். அந்த இருபது கிலோமீட்டர் முடியவே இல்லை. சிவப்பு விளக்கு, பஸ், மறுபடி சிவப்பு விளக்கு. நான் ஒவ்வொரு மஞ்சள் டாக்ஸிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். என்னென்னவோ மனசில் ஓடிற்று. டிரைவர் பாதியில் இறக்கிவிட்டிருந்தால்? அவளே வேறு சந்தைக் காட்டியிருந்தால்? கையில் பணம் இருக்கிறதா? வளையல் போட்டிருக்கிறாளே. ரோட்டைக் கடக்கும்போது அவள் எப்போதும் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பாள். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த வீடு இப்போது இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. தேடிப் போன வீடு அங்கே இல்லை என்றால் அவள் அடுத்து எங்கே போவாள்? பகலாக இருந்தால் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். இருட்டிய பிறகு அவள் மனசுக்குள் என்ன வழி திறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மெட்ரோ ஸ்டேஷனைத் தாண்டியதும் இறங்கி ஓடினேன். முனையில் இனிப்புக்கடை இருந்தது. அதே கடை, போர்டு மட்டும் புதுசு. சந்து இரண்டு இடத்தில் வளையும். இரண்டாவது வளைவில் எங்கள் வீடு. வளைவு வந்தது. ஐந்து மாடிக் கட்டடம், இரும்பு கேட், உள்ளே லிஃப்ட் விளக்கு. கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் அரக்கு ஸ்வெட்டர் தெரிந்தது.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். அவள் கைப்பையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, சந்து முனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மண் கோப்பையில் டீ ஆறிப்போயிருந்தது. வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அரை மணி நேரமாக இருக்கிறார்கள், உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் வரவில்லை, யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்றார்.

நான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"எம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, குழப்பம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதாவது கேட்க வரும்போது ஒரு மரியாதைச் சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு. கையை மெதுவாக என் கையிலிருந்து உருவிக்கொண்டு பேசினாள்.

"ஆமார் மேயே எகொனோ ஃபெரேனி, தீதி."

என் மகள் இன்னும் வீடு திரும்பவில்லை, அக்கா. பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை வங்காளத்தில் பேசாதவள் அன்றைக்கு என்னிடம் பேசினாள். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். பிறகு வேகமாக, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்க, மீதியையும் சொன்னாள். இரட்டைப் பின்னல் போட்டிருப்பாள், நீலப் பாவாடை, பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவோ நேரமாகிவிட்டது, இவ்வளவு இருட்டு வரை வராமல் இருக்கவே மாட்டாள், அவள் அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வேன், வழியில் நீங்கள் பார்த்தீர்களா?

மாலையிலிருந்து நான் பட்ட பயம் அத்தனையும் அவள் முகத்தில் இருந்தது.

நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். என் நரைத்த தலையைப் பார்த்து அவள் இன்னும் பயந்துவிடுவாள் என்று தோன்றியது. போன் அடித்தது. தம்பி. எடுக்கவில்லை. அவனுக்கு இரண்டு நிமிஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம். பெஹாலாவில் என் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். கூட்டிக்கொண்டு போக வேண்டும். இப்போது எழச் சொன்னால் எழ மாட்டாள்.

"வந்துவிடுவாள். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். நானும் இருக்கிறேன்" என்று அவளிடம் வங்காளத்தில் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். வாட்ச்மேன் உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அந்தப் பிள்ளை வந்துவிட்டால் தேவலை என்று இருந்தது. சந்து முனையில் விளக்கு வெளிச்சம் திரும்பும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.